வின்ஸ் லொம்பார்டி: கத்தியவரா, கற்றுக்கொடுத்தவரா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கன் ஃபுட்பால் தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் முடிந்ததும் வென்ற அணி தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் வெள்ளிக் கோப்பைக்கு லொம்பார்டி கோப்பை என்று பெயர். யார் அந்த லொம்பார்டி, அப்படி என்ன செய்துவிட்டார் என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: லொம்பார்டி யார்? இரண்டு பத்திக்குள் சொல்ல முடியுமா? – ஈரோடு வாசகர்

ஒன்றே போதும். வின்ஸ் லொம்பார்டி 1913 ஜூன் 11 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில், இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறைச்சிக் கடைக்காரர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். பாதிரியாராக வேண்டும் என்று செமினரிப் பள்ளியில் சேர்ந்து, பாதியில் விலகி, ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினார். பிறகு பள்ளி ஆசிரியர், கல்லூரித் துணைப் பயிற்சியாளர், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் என்று 20 ஆண்டுகள் ஓடின. தொழில்முறை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஆனபோது வயது 45. அங்கிருந்து ஒன்பது ஆண்டு, கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு: 1961, 1962, 1965, 1966, 1967 என ஐந்து சாம்பியன் பட்டங்கள். அவற்றில் கடைசி இரண்டு ஆண்டுகளில் முதல் இரண்டு சூப்பர் பௌல்களும் அடக்கம். 1970ல் 57 வயதில் காலமானார்.

கேள்வி: ஃபுட்பால் என்கிறார்கள், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆட்டமே பிடிபடவில்லை. – பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்

இந்தப் பகுதிக்குத் தேவையான அளவு மட்டும் சொல்கிறோம். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம், இரு முனைகளிலும் 10 யார்டு இலக்குப் பகுதி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒரு வாய்ப்பில் செய்யும், முன்பே வகுத்த நகர்வையும் 'ஆட்டம்' என்றே சொல்வோம். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. இலக்குப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி.

முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆட்கள் ஐந்து பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், அதற்கு வெளியே டேக்கிள். பந்தைப் பின்னுக்குக் கொடுத்துத் தொடங்கிவைக்கும் சென்டரைத் தவிர, தாக்கும் அணியில் இவர்கள் பந்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். பந்தோடு ஓடுபவருக்கு வழி திறப்பதுதான் வேலை. டி.வி. கேமரா பந்தின் பின்னால் போகும். லொம்பார்டியின் கண் இந்த ஐந்து பேர் மேல் இருந்தது. அவரும் கல்லூரியில் கார்டாக ஆடியவர்தான். 1936ல் ஃபோர்டாம் முன்வரிசை ஏழு பேருக்குக் (இந்த ஐவரோடு ஓரத்து இருவரையும் சேர்த்து) 'கருங்கல் ஏழு' என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் இருந்தது. அந்த ஏழில் எடை குறைந்தவர்களில் ஒருவர் இவர்.

கேள்வி: இவர் பள்ளியில் லத்தீன் பாடம் நடத்தினார் என்று படித்தேன். உண்மையா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

உண்மை. லத்தீன் மட்டுமல்ல, வேதியியலும் இயற்பியலும். நியூ ஜெர்சி மாநிலம் எங்கிள்வுட்டில் செயின்ட் சிசிலியா உயர்நிலைப் பள்ளி. 1939ல் சேர்ந்து எட்டு ஆண்டு அங்கே இருந்தார். கூடைப்பந்து அணியையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

இதைத் துணைத் தகவலாகத் தள்ளிவிடக் கூடாது என்பது எங்கள் கருத்து. அவருடைய ஆட்டத் திட்டங்களை அலசினால் வகுப்பறை வாசனை அடிக்கும். கடைசி பெஞ்சுப் பையனுக்குப் புரியும்வரை அதே பாடத்தைத் திருப்பித் திருப்பி நடத்துவது, 'இதைச் செய்' என்பதோடு நிற்காமல் 'இது ஏன்' என்பதையும் சொல்லிவிடுவது, கரும்பலகை. அதற்குப் பிறகு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ரெட் பிளெய்க் என்ற பயிற்சியாளரிடம் ஐந்து ஆண்டு (1949–53) துணையாக இருந்தார். ஆட்டப் படச்சுருளை ஓட்டி, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஒவ்வொரு அசைவுக்கும் மதிப்பெண் போடும் பழக்கம் அங்கே வந்தது. கொரியப் போரிலிருந்து திருப்பி அழைக்கப்பட்ட ஜெனரல் மெக்கார்தர் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார்; வெஸ்ட் பாயின்ட் ஆட்டங்களின் படச்சுருளை எடுத்துப்போய் அவருக்குப் போட்டுக்காட்டும் வேலையும் லொம்பார்டிக்கு வந்தது.

கேள்வி: 1958ல் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணியை மறு வருடமே எப்படி மாற்றினார்? – கோவை வாசகர்

1958ல் பேக்கர்ஸ் கணக்கு: 1 வெற்றி, 10 தோல்வி, 1 சமன். 1959ல் 7 வெற்றி, 5 தோல்வி. அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது. மந்திரம் போட்டதுபோல் எழுதுவார்கள். அவர் வரும்போது சரக்கு ஏற்கெனவே உள்ளே இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஜாக் வைனிசி என்றொருவர் அந்த அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பவராக இருந்தார். 1958 தேர்வில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டு நிகழ்ச்சி) மட்டும் ஜிம் டெய்லர், ரே நிட்ஷ்கி, ஜெர்ரி கிரேமர் மூவரையும் பிடித்துப் போட்டவர். மூவருமே பின்னாளில் புகழ்க்கூடத்தில் ('ஹால் ஆஃப் ஃபேம்', தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவம்) இடம்பெற்றார்கள். பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ஃபாரஸ்ட் கிரெக், ஜிம் ரிங்கோ ஆகியோரும் அணியில் இருந்தார்கள். வைனிசி 1960 நவம்பரில், 33 வயதில் இறந்தார். ஒரு பட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேக்கர்ஸ் பற்றிப் பேசும்போது இவர் பெயரைச் சொல்லாதவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

லொம்பார்டி செய்தது, இருந்தவர்களைச் சரியான இடத்தில் நிறுத்தியது. பயிற்சியாளர் பதவியோடு பொது மேலாளர் பதவியையும் கேட்டு வாங்கியிருந்ததால் குறுக்கே பேச ஆள் இல்லை. முந்தைய ஆண்டு ஆட்டப் படங்கள் முழுவதையும் போட்டுப் பார்த்தார். ஹார்னங்கை ஒரு நாள் குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி, பிறரிடம் கொடுப்பவர் அல்லது எறிபவர்), ஒரு நாள் ஃபுல்பேக் (பின்னால் நின்று பந்தோடு ஓடவும் வழி திறக்கவும் செய்பவர்) என்று பந்தாடியிருந்தார்கள். 'இனி நீ இடது ஹாஃப்பேக், வேறு எதுவும் இல்லை' என்று பந்தோடு ஓடும் வேலையில் நிறுத்தி முடித்துவிட்டார். அணியின் சிறந்த பந்து பிடிப்பாளர் பில்லி ஹௌட்டனை கிளீவ்லாந்துக்குக் கொடுத்து, தடுப்பு வரிசைக்கு ஆள் எடுத்தார். பால்டிமோரிலிருந்து ஃபஸி தர்ஸ்டன் என்ற கார்டை வாங்கினார். ஜயன்ட்ஸிலிருந்து அனுபவஸ்தர் எம்லென் டன்னலைக் கூட்டிவந்தார்.

பார்ட் ஸ்டாரை மட்டும் அவர் உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. 1956 தேர்வில் 17வது சுற்றில், 200வது ஆளாக எடுக்கப்பட்டவர் ஸ்டார். 1959 தொடக்கத்தில் குவார்ட்டர்பேக் இடம் லமார் மெக்ஹானுக்குத்தான் போனது. சீசன் பாதியில்தான் ஸ்டாருக்கு வாய்ப்பு. அந்த ஸ்டார்தான் முதல் இரண்டு சூப்பர் பௌலிலும் சிறந்த ஆட்டக்காரர்.

கேள்வி: 'பவர் ஸ்வீப்' என்ற ஒரே ஆட்டத்தை வைத்துப் பத்தாண்டு ஓட்டினார் என்கிறார்களே. அது என்ன, எதிரணிக்குத் தெரிந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? – பொறியாளர், சென்னை

பந்தை வாங்கிய ஹாஃப்பேக் நடுவே முட்டாமல் பக்கவாட்டில் ஓடி, வரிசையின் ஓரத்தைச் சுற்றி மேலே ஏறுவது ஸ்வீப். வலப்பக்கம் போனால் எண் 49, இடப்பக்கம் போனால் 28. வலப்பக்க ஸ்வீப்பை ஆள் ஆளாகப் பார்ப்போம்.

முதலில் டைட் எண்ட், அதாவது முன்வரிசை ஓரத்து ஆள். வலது டேக்கிளை ஒட்டி நிற்காமல் 6 முதல் 9 அடி தள்ளி நிற்பார். எதிரே இருக்கும் லைன்பேக்கரை (எதிரணி முன்வரிசைக்குத் துணையாக நின்று தடுப்பவர்) இன்ன பக்கம்தான் தள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் வெளியே போக நினைத்தால் வெளியேயே தள்ளிவிடு. உள்ளே வந்தால் உள்ளேயே அமுக்கு. பின்னால் மட்டும் ஊடுருவ விடாதே. லொம்பார்டியின் மூளை இந்த இடத்தில்தான் தெரிகிறது. எதிரி எந்தப் பக்கம் போனாலும் அவன் தேர்ந்தெடுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வழி திறந்துவிடும். ஓடுபவர் அந்தத் தடுப்பைப் பார்த்து, வெளிச்சம் தெரியும் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்து, இரண்டு கார்டுகள். பந்து கை மாறியதும் கிரேமர், தர்ஸ்டன் இருவரும் தங்கள் இடத்தை விட்டுப் பின்வாங்கி, வரிசைக்கு இணையாக வலப்பக்கம் ஓடுவார்கள். ஆளுக்கு 110 கிலோ சுமார். முன்னால் போகும் கிரேமர் ஓரத்தில் நிற்கும் எதிரணி கார்னர்பேக்கை வெளியே தள்ளுவார். பின்னால் வரும் தர்ஸ்டன், டைட் எண்ட் போட்ட தடுப்பைப் பார்த்து உள்ளே திரும்பி, நடுவிலிருந்து ஓடிவரும் லைன்பேக்கரை அடைப்பார். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஹார்னங் ஓடுவார்.

கார்டுகள் கிளம்பினால் அவர்கள் இருந்த இடம் ஓட்டையாகிவிடுமே? அதை அடைப்பது சென்டர் ரிங்கோவின் வேலை. வலது கார்டுக்கு எதிரே இருந்த எதிரணி டேக்கிளைக் குறுக்கே பாய்ந்து மறிக்க வேண்டும். வலது டேக்கிள் கிரெக், எதிரே உள்ள டிஃபென்சிவ் எண்டை (எதிரணி முன்வரிசை ஓரத்து ஆள்) ஓர் இடி இடித்துவிட்டு, நடு லைன்பேக்கரை நோக்கி உள்ளே போவார். அந்த இடி வாங்கியவரை ஃபுல்பேக் டெய்லர் காலோடு சாய்ப்பார்.

இனி எங்கே கெடும் என்று பாருங்கள். டைட் எண்ட் ஒரு நொடி தவறவிட்டால் லைன்பேக்கர் உள்ளே புகுந்து, ஓடிவரும் கிரேமர் மீது மோதுவார். கிரேமர் நின்றால் தர்ஸ்டன் அவர் முதுகில் முட்டுவார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. ரிங்கோவின் பாய்ச்சல் தப்பினால் எதிரணி டேக்கிள் பின்னாலிருந்தே ஹார்னங்கைப் பிடித்துவிடுவார். கார்ட் போதிய அளவு பின்வாங்காமல் வரிசையை ஒட்டியே ஓடினால் டெய்லர் சாய்த்த ஆளின் கால் தடுக்கும். நான்காவது தவறு புதிய ஹாஃப்பேக்குகள் எல்லோரும் செய்வது: வேகம் இருக்கிறது என்று கார்டுகளைத் தாண்டி ஓடிவிடுவது. ஹார்னங் அணியிலேயே வேகமானவர் அல்ல. கார்டுகளுக்குப் பின்னால் நிதானித்து, அவர்கள் மோதும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். அதற்கு மேல் அவர் பழைய குவார்ட்டர்பேக். ஓடுவதுபோல் வந்து பந்தை எறிந்தும்விடுவார். எனவே ஓரத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் ஓடிவரவும் முடியாது.

எதிரணிக்குத் தெரிந்தும் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு இதற்குள்ளேயே விடை இருக்கிறது. எதிரி எடுக்கக்கூடிய ஒவ்வொரு முடிவுக்கும் பதில் அதே ஆட்டத்துக்குள் இருந்தது. இதைச் சொல்லிக்கொடுக்கவும் பொறுமை வேண்டும். ஜான் மேடன், ஆமாம், வீடியோ கேமில் பெயர் இருக்கும் அதே மேடன், இளம் பயிற்சியாளராக இருந்தபோது லொம்பார்டியின் வகுப்பு ஒன்றுக்குப் போனார். இந்த ஒரே ஆட்டத்தைப் பற்றி நான்கு மணி நேரம் பேசி, இடைவேளை விட்டு, மறுபடி நான்கு மணி நேரம் பேசினாராம். தனக்கு ஃபுட்பால் தெரியும் என்ற நினைப்பு அன்றோடு போனதென்று மேடன் பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

கேள்வி: அவருடைய 'கிராஸ் டிரில்' பயிற்சி பற்றிச் சொல்லுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? – உடற்கல்வி ஆசிரியர், விருதுநகர்

நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி ஓட வேண்டும். 'கீழே' என்றதும் மார்பு தரையில் படும்படி விழ வேண்டும். 'மேலே' என்றதும் துள்ளி எழுந்து மறுபடி ஓட்டம். எப்போது சொல்வார், எத்தனை முறை சொல்வார் என்பது பயிற்சியாளர் கையில். செயின்ட் நார்பர்ட் கல்லூரியில் நடந்த கோடை முகாம்களில் ஆட்கள் வாந்தி எடுக்கும்வரை லொம்பார்டி இதைக் கொடுத்தார். ஆட்டத்தின் கடைசி 15 நிமிடத்தில் எதிரணி மூச்சு வாங்கும்போது தன் ஆட்கள் நிற்க வேண்டும் என்பது கணக்கு.

பிள்ளைகளுக்கு இதே அளவில் வேண்டாம். களைத்த பிறகு விழுபவர்கள் முழங்கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவார்கள். மணிக்கட்டும் தோள்பட்டையும் போகும். கட்டாந்தரையில் கேட்கவே வேண்டாம். புல் அல்லது மணல், 15 விநாடி வேலை, 45 விநாடி ஓய்வு, நான்கைந்து சுற்று, இடையில் தண்ணீர். அன்றைய அமெரிக்கப் பயிற்சி முகாம்கள் பலவற்றில் தண்ணீர் குடிப்பதே பலவீனம் என்று நினைத்தார்கள். வெப்பத்தாக்கு வந்து உயிர் போகும் என்பது இன்று தெரிந்த விஷயம். அந்தப் பகுதியைப் பழைய காலத்தோடு விட்டுவிடுங்கள்.

அவரிடம் எடுத்துக்கொள்ள வேறு உண்டு. சீசன் தொடங்கியபின் அவர் பயிற்சி பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. கால அட்டவணை நிமிடக் கணக்கில் இருக்கும். சும்மா நிற்கும் ஆள் இருக்கக் கூடாது. புதிய ஆட்டம் என்றால் முதலில் பலகையில், பிறகு மைதானத்தில் நடந்து காட்டி, பிறகு பாதி வரிசையோடு, கடைசியில்தான் 11 பேரும் முழு வேகத்தில்.

கேள்வி: 'வெற்றிதான் எல்லாம்' என்று சொன்னவர் இவர்தானே? – மதுரை வாசகி

வெற்றி என்பது எல்லாமும் அல்ல, அது ஒன்றுதான் இருக்கிறது என்கிற பொருளில் வரும் அந்த வாசகம் லொம்பார்டிக்கு முன்பே யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ரெட் சாண்டர்ஸ் சொன்னது. லொம்பார்டியும் தன் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் தான் சொல்லவந்தது முயற்சியைப் பற்றி, வெல்ல வேண்டும் என்ற விருப்பத்தைப் பற்றி என்று பின்னாளில் விளக்கம் கொடுத்து அலுத்துப்போனார். சுவரொட்டி அடிப்பவர்களுக்கு விளக்கம் எதற்கு?

கேள்வி: சம்பளம் பேச ஏஜென்ட்டைக் கூட்டிவந்த ஆட்டக்காரரை, ஐந்து நிமிடத்தில் வேறு அணிக்கு விற்றுவிட்டாராமே? – சேலம் வாசகர்

1964ல் ஜிம் ரிங்கோ பற்றிய கதை இது. ஏஜென்ட்டை உட்காரவைத்துவிட்டு லொம்பார்டி பக்கத்து அறைக்குப் போய் போன் செய்து, திரும்பி வந்து 'உங்கள் ஆள் இனி பிலடெல்பியாவில்' என்றாராம். கேட்க ஜோராக இருக்கிறது. நடந்தது அப்படியல்ல. ரிங்கோவும் ஃபுல்பேக் ஏர்ல் கிராஸும் பிலடெல்பியாவுக்குப் போக, லைன்பேக்கர் லீ ராய் காஃபியும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்பும் கிரீன் பேக்கு வந்தன. இரு பக்கமும் இப்படி எடைபோட்டுச் செய்த பேரம் ஐந்து நிமிட போனில் முடிகிற சமாச்சாரம் அல்ல. ரிங்கோவுக்கும் தன் ஊர்ப்பக்கம் போவதில் விருப்பம் இருந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் சம்பளம் கேட்கப் பயப்படட்டும் என்று லொம்பார்டி இந்தக் கதையை மறுக்காமல் விட்டுவைத்தார் என்றே தோன்றுகிறது.

கேள்வி: எல்லோரையும் ஒரே மாதிரி கத்துவாராமே? – பெங்களூரு வாசகர்

'எல்லோரையும் சமமாகத்தான் நடத்துவார், நாய்களைப் போல' என்று பேக்கர்ஸ் ஆட்டக்காரர் ஹென்றி ஜோர்டன் அடித்த ஜோக் பிரபலம். நிஜத்தில் ஆளுக்கு ஆள் அளவு வைத்திருந்தார். நிட்ஷ்கியை எவ்வளவு திட்டினாலும் தாங்குவார், திட்டினால் இன்னும் நன்றாக ஆடுவார். எனவே அவருக்குத் தினப்படி உண்டு. ஸ்டார் ஒருநாள் தனியாகப் போய், 'மற்றவர்கள் முன்னால் என்னைத் திட்டினால் அவர்கள் எப்படி என் பேச்சைக் கேட்பார்கள்? அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள்' என்றார். அதன்பின் ஸ்டாரை வெளியில் திட்டவில்லை.

இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் அபராதம் நிச்சயம். அதையும் மீறி முதல் சூப்பர் பௌலுக்கு முந்தின இரவு முழுக்க வெளியே சுற்றியவர் பந்து பிடிப்பாளர் மேக்ஸ் மெக்கீ. எப்படியும் களமிறக்க மாட்டார்கள் என்ற தைரியம். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் சக பந்து பிடிப்பாளர் பாய்ட் டவுலருக்குத் தோளில் அடி. தூக்கம் இல்லாத 34 வயது மெக்கீ உள்ளே போய் 7 பந்து பிடித்து, 138 யார்டு எடுத்து, 2 டச் டவுன் போட்டார். கான்சஸ் சிட்டிக்கு எதிராக 35–10.

கேள்வி: 'ஐஸ் பௌல்' என்று ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். அதில் தரைக்கு அடியில் ஹீட்டர் வைத்திருந்தார்களாமே? – டொராண்டோ வாசகர்

1967 டிசம்பர் 31, கிரீன் பேயின் லாம்போ மைதானம், எதிரே டல்லஸ் கௌபாய்ஸ். தொடங்கும்போது வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். நடுவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டதால் அதன்பின் வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். அப்படியும் 50,000க்கு மேல் கூட்டம்.

ஹீட்டர் விஷயம் உண்மைதான். அந்த ஆண்டுதான் 80,000 டாலர் செலவில் புல்லுக்கு அடியில் மின்சூடு தரும் கம்பிகளைப் புதைத்திருந்தார்கள். லொம்பார்டிக்கு அதில் ஏகப் பெருமை. ஆட்டத்தன்று காலை வரை மைதானத்தின் மேல் தார்ப்பாய் விரித்திருந்தது. கீழே கம்பிச் சூடு, மேலே தார்ப்பாய். இடையில் ஈரம் சேர்ந்துகொண்டது. தார்ப்பாயை எடுத்ததும் அந்த ஈரம் கடுங்குளிரில் உறைந்து, புல் கண்ணாடி மாதிரி ஆனது. இவ்வளவு குளிரைச் சமாளிக்கும் சக்தி அந்தக் கம்பிகளுக்கு இல்லை.

முடிய 4 நிமிடம் 50 விநாடி இருக்கும்போது டல்லஸ் 17, கிரீன் பே 14. பந்து கிரீன் பேயிடம், அவர்கள் பக்கம் 32வது யார்டில். அங்கிருந்து 68 யார்டு, 12 ஆட்டங்கள். கடைசியில் கோட்டுக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றார்கள். ஹாஃப்பேக் டானி ஆண்டர்சனிடம் இரண்டு முறை கொடுத்தும் ஷூ வழுக்கிப் பலிக்கவில்லை. மீதி 16 விநாடி. கைவசம் இருந்த கடைசி டைம் அவுட்டையும் (ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் உரிமை) ஸ்டார் கேட்டுவிட்டார்.

ஃபீல்ட் கோல் அடித்தால் சமன், கூடுதல் நேரம். ஓடிப் போய்த் தடுக்கப்பட்டால் கடிகாரம் ஓடி முடிந்துவிடும், பட்டம் போச்சு. ஸ்டார் சொன்னது: ஹாஃப்பேக்குக்குத் தரை பிடிக்கவில்லை, நான் நிமிர்ந்து நிற்கிற இடத்திலிருந்து ஓரடி ஈரடிதான், நானே நுழைந்துவிடுகிறேன். சரி, செய், வீட்டுக்குப் போகலாம் என்கிற தோரணையில் லொம்பார்டி அனுப்பிவிட்டார். ஆட்டத்தின் பெயர் 31 வெட்ஜ். வழக்கப்படி ஃபுல்பேக்குக்குப் பந்து போக வேண்டியது. ஃபுல்பேக் சக் மெர்சீனுக்கே தெரியாமல் ஸ்டார் பந்தைத் தானே வைத்துக்கொண்டார். கிரேமரும் சென்டர் கென் போமனும் சேர்ந்து டல்லஸ் தடுப்பு வரிசையின் ஜெத்ரோ பியூவைப் பின்னுக்குத் தள்ள, அந்த இடைவெளியில் ஸ்டார் விழுந்தார். 21–17.

பியூவை ஏன் குறிவைத்தார்கள் என்பதில்தான் விஷயம். கோட்டருகே மற்றவர்கள் தாழ்ந்து வருவார்கள், பியூ மட்டும் நிமிர்ந்து வருகிறார் என்று அந்த வாரம் படச்சுருள் பார்க்கும்போதே கிரேமர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். மைனஸ் 25 டிகிரியில் ஜெயித்தது வைராக்கியம் என்று எழுதுவார்கள். இருட்டறையில் புரொஜெக்டரைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்ததுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

கேள்வி: கறுப்பின ஆட்டக்காரர்கள் விஷயத்தில் அவர் எப்படி? – புதுச்சேரி வாசகர்

இத்தாலிய வம்சாவளி என்பதால் தனக்குப் பல வாய்ப்புகள் தவறின என்ற எண்ணம் அவருக்கு உண்டு. கிரீன் பேயில் கறுப்பினத்தவர் மிகச் சிலரே இருந்த காலம். தன் ஆட்டக்காரர்களிடம் நிற பேதம் பார்க்கும் ஹோட்டலோ மதுக்கடையோ எந்த ஆட்டக்காரருக்கும் தடைசெய்யப்பட்ட இடம் என்று ஊருக்குத் தெரியப்படுத்தினார். பேக்கர்ஸ் வராத கடைக்கு அந்த ஊரில் வியாபாரம் ஏது? வில்லி டேவிஸ், ஹெர்ப் ஆடெர்லி, டேவ் ராபின்சன், எந்த அணியும் தேர்வில் எடுக்காத வில்லி வுட் – இந்த நால்வரும் அவர் காலத்தில் வந்து புகழ்க்கூடம் சேர்ந்தவர்கள். அவருடைய தம்பி ஹெரால்ட் ஓரினச் சேர்க்கையாளர். அணியில் அப்படிப்பட்டவர்களைக் கிண்டல் செய்யக் கூடாது என்பதிலும் கறாராக இருந்தார். 1969ல் வாஷிங்டன் அணியில் இது வெளிப்படையாகவே தெரிந்தது.

கேள்வி: அவரிடம் வேலை பார்த்தவர்கள் அவரைப் போல் ஜெயித்தார்களா? – நிறுவன மேலாளர், ஓசூர்

பெரும்பாலும் இல்லை. அவருக்கு அடுத்து கிரீன் பேயில் வந்த ஃபில் பெங்ட்சன் மூன்று ஆண்டில் 20 வெற்றி, 21 தோல்வி, 1 சமன். அட்லான்டா போன நார்ப் ஹெக்கர் மொத்தம் 4 ஆட்டம் ஜெயித்தார். பில் ஆஸ்டின் பிட்ஸ்பர்க்கில் 11 ஜெயித்து 28 தோற்றார். ஸ்டாரே 1975 முதல் 1983 வரை பேக்கர்ஸ் பயிற்சியாளராக இருந்தும் தோல்விகளே அதிகம். விதிவிலக்கு ஃபாரஸ்ட் கிரெக். சின்சினாட்டியை 1982 ஜனவரியில் சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார், அங்கே தோற்றார்.

எங்கள் கணிப்பு: பலர் எடுத்துக்கொண்டது குரலை. கண்டிப்பு, நேரக் கணக்கு, கிராஸ் டிரில், இதெல்லாம் ஒரே வாரத்தில் காப்பியடித்துவிடலாம். எட்டு மணி நேரம் பேசும் அளவுக்கு ஒரு ஆட்டத்தை உடைத்து வைத்திருக்கும் அறிவை அப்படி எடுக்க முடியாது. வைனிசி சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆட்களும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1967க்குப் பிறகு 25 சீசன்களில் பேக்கர்ஸ் இரண்டே முறைதான் (1972, 1982) இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது.

உங்கள் அலுவலகத்தில் லொம்பார்டி வாசகம் ஏதும் மாட்டியிருந்தால், அதற்குக் கீழே யாராவது எதையாவது பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தொடர்ந்து மூன்று பட்டம் வேறு யாராவது? – ஒரு வரியில், கரூர் வாசகர்

1965, 66, 67 பேக்கர்ஸுக்குப் பிறகு யாரும் இல்லை. கான்சஸ் சிட்டி 2025 பிப்ரவரியில் மூன்றாவதுக்காக வந்து பிலடெல்பியாவிடம் 40–22 எனத் தோற்றது.

கேள்வி: எப்படி இறந்தார்? கோப்பைக்கு எப்போது பெயர் வைத்தார்கள்? – திருநெல்வேலி வாசகி

1968ல் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டு மேலாளராக மட்டும் இருந்து பார்த்தார், முடியவில்லை. 1969ல் வாஷிங்டனுக்குப் போனார். 7 வெற்றி, 5 தோல்வி, 2 சமன். அந்த அணிக்கு 1955க்குப் பிறகு தோல்வியைவிட வெற்றி கூடிய முதல் ஆண்டு அது. 1970 ஜூனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தபோது பெருங்குடல் புற்றுநோய் முற்றியிருந்தது. செப்டம்பர் 3 அன்று காலமானார். இன்று அந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கக் கொலனோஸ்கோப்பி இருக்கிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம் இருந்தால் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். ஜார்ஜ்டவுனில் உள்ள புற்றுநோய் மையத்துக்கு அவர் பெயர்தான்.

1971 ஜனவரியில் பால்டிமோர் வென்ற ஐந்தாவது சூப்பர் பௌல் முதல் கோப்பைக்கு லொம்பார்டி பெயர். 22 அங்குல உயரம், 7 பவுண்டு எடை, அசல் வெள்ளி. உதைக்கத் தயாராக நிறுத்திய பந்தின் வடிவம். டிஃபனி நிறுவனம் ஆண்டுதோறும் புதிதாகச் செய்கிறது. வென்ற அணி அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

கேள்வி: மகன் விஸ்கான்சினில் இருக்கிறான். கிரீன் பே போனால் என்ன பார்க்கலாம்? – திருச்சி வாசகர்

லாம்போ மைதானம் லொம்பார்டி அவென்யூவிலேயே இருக்கிறது. வாசலில் அவருடைய சிலை, பேக்கர்ஸை நிறுவிய கர்லி லாம்போவின் சிலை பக்கத்தில். உள்ளே அணியின் அருங்காட்சியகம் உண்டு. ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் மறுவிற்பனையில்தான் தேட வேண்டும். சீசன் டிக்கெட் 1960 முதல் தீர்ந்துபோய்க் காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கிறது. கோடையில் போனால் எதிரே உள்ள ரே நிட்ஷ்கி மைதானத்தில் பயிற்சி முகாமைப் பார்க்கலாம். மைதான வாசல் கடிகாரத்தைப் பார்த்து பஸ்ஸுக்கு அவசரப்பட வேண்டாம்: சொன்ன நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே வருவது லொம்பார்டி கணக்கு என்பதால், அந்தக் கடிகாரத்தை வேண்டுமென்றே 15 நிமிடம் முன்னால் ஓட விட்டிருக்கிறார்கள்.